குடத்துள் விளக்கும் குவிந்த ஒளியும்

விளக்கு எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவு நன்றாக அமையும் என்பது நம்மிடையே பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கை. திருமண வீடாயினும் பாடசாலை விழாவாயினும், கமராவுடன் வருபவர் எத்தனை விளக்குகளை நிறுத்துகிறார் என்பதைக் கொண்டே அவருடைய திறமையை எடைபோடுகிறோம். ஆனால் நிழற்படக் கலையின் உயிர்நாடி ஒளியை அள்ளி இறைப்பதில் இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு ஒளியை வைப்பதிலும், வேண்டாத இடத்தை இருளுக்கே விட்டுவிடுவதிலும் அது இருக்கிறது. வெளியே தெரியாது மங்கிப்போகும் திறமையைக் 'குடத்துள் இட்ட விளக்கு' என்று சொல்லி இரங்குவது நம் மரபு. ஸ்டூடியோவிலோ, விளக்கைக் குடத்துள் இட்டு, அதன் வாய்வழியே வரும் ஒரு கற்றையை மட்டும் எடுத்தாள்வதே சில வேளைகளில் கலையாகிவிடுகிறது.

அத்தகைய குவிந்த ஒளிக்கு எந்தப் பிளாஷ் விளக்கு ஏற்றது என்பதை இவ்வாரம் ஆராய்வோம். இது தொழில் செய்வோருக்கு மட்டும் உரிய பொருளன்று. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் நமது கரையோர ஊர்களில், சிறிய ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்க எண்ணும் இளைஞரின் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு நிற்கிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களிலேயே 360 ரூபாயை எட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெளிநாட்டுப் பொருள் ஒவ்வொன்றும் அதனால் விலையேறியது. இந்நிலையில் பொருந்தாத விளக்கொன்றை வாங்கிவிட்டால், அந்த நட்டம் வாப்பாவின் உழைப்பிலும் உம்மாவின் நகையிலும் போய் முடியும்.

குவிந்த ஒளி நமக்கு எதற்காக வேண்டும்? இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கூறுவோம். முதலாவது, வீட்டு மூத்தவாப்பாவின் படம். தலையில் வெண்ணிறத் தொப்பி, உடலில் வெண்ணிறச் சட்டை, முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். அகன்ற ஒளியை வீசினால் தொப்பியும் சட்டையும் சுவரும் ஒன்றாய் வெளுத்துப் போக, கோதுமை நிற முகம் மட்டும் கருத்துத் தோன்றும். ஒடுங்கிய ஒரு கற்றையை முகத்தின்மீது மட்டும் வைத்தால், எழுபது ஆண்டு வாழ்வின் வரிகள் ஒவ்வொன்றும் பேசும். கருநிற அபாயா அணிந்த பெண்ணைக் கருந்திரைக்கு முன்னால் படமெடுக்கும்போதும் இவ்வாறே. பின்புறமிருந்து தோளின் ஓரத்தில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று விழாவிட்டால் உருவம் திரையோடு கரைந்துவிடும். இரண்டாவது, மருதமுனையின் கைத்தறித் துணி. நெசவுக்குப் பேர்பெற்ற அவ்வூரின் சேலையையும் சாரத்தையும் வெளியூரவர் இன்று கையால் தொட்டுப் பார்த்து வாங்குவது குறைந்து, தொலைபேசியில் வரும் படத்தைப் பார்த்தே விலை பேசுவது பெருகி வருகிறது. நேரெதிரே நின்று ஒளி பாய்ச்சினால் கைத்தறியும் இயந்திரத் துணியும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். பக்கவாட்டில் தாழ்ந்த கோணத்திலிருந்து ஒடுங்கிய கற்றை ஒன்று துணியைத் தடவிச் செல்லுமாயின், ஒவ்வோர் இழையும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். நெசவாளரின் உழைப்புக்கு அந்த நிழலே சாட்சி.

குவிந்த ஒளியால் உலகப் புகழ் பெற்றவர்களும் உளர். 1908 இல் உதுமானியப் பேரரசின் மார்டின் நகரில் ஆர்மீனியக் குடும்பமொன்றில் பிறந்து, கனடாவில் குடியேறிய யூசுப் கார்ஷ் என்பார், ஒட்டாவா நகரின் நாடக அரங்கொன்றிலேயே விளக்குகளின் வித்தையைக் கண்டுகொண்டார். மேடையில் நிற்பவர்மீது மட்டும் ஒளியை விழச்செய்து மற்றவற்றை இருளில் நிறுத்தும் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1941 டிசம்பர் 30 ஆம் தேதி கனடியப் பாராளுமன்றக் கட்டடத்தில் அவர் எடுத்த வின்ஸ்டன் சர்ச்சிலின் படம் இந்நூற்றாண்டிலும் போற்றப்படுகிறது. அப்படத்தின் வலிமை ஒளியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு இருளிலும் இருக்கிறது.

இனிக் கருவிகளுக்கு வருவோம். ஒளியைக் குவிக்கவும் ஒடுக்கவும் விளக்கின் முகத்தில் பொருத்தும் துணைக்கருவிகள் மூவகைப்படும். முதல் வகை, ஒளியைத் தடுப்பன. கூம்புபோன்ற குழாய், தேனடைபோன்ற கண்ணறைத் தட்டு, கதவுபோல் திறந்து மூடும் தகடுகள் ஆகியன இவ்வகையின. இரண்டாம் வகை, அகன்ற வில்லை ஒன்றினால் ஒளியை ஒருமுகப்படுத்துவன. மூன்றாம் வகை, பழைய சினிமாக் கொட்டகையின் படவீழ்த்திபோன்று உள்ளே வில்லைகளைக் கொண்டவை. இவற்றின் நடுவே வெட்டுருத் தகடு ஒன்றைச் செருகினால் யன்னல் நிழலையோ, இலைகளின் நிழலையோ, கூரிய விளிம்புள்ள வட்டத்தையோ சுவரில் வீழ்த்தலாம். முதல் வகை பெரும்பாலான பிளாஷ் விளக்குகளோடு ஒத்துப்போகும். இரண்டாவது சற்றுப் பிடிவாதமானது. மூன்றாவதோ விளக்கைப் பரீட்சை செய்தே ஏற்றுக்கொள்ளும்.

ஏன் இந்தப் பேதம்? விடையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிஞர் காட்டிவிட்டார். பஸ்ராவில் பிறந்து, கெய்ரோ நகரில் வாழ்ந்து, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் பெருநூலை எழுதிய இப்னுல் ஹைதம் அவர்களே அவர். பல விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒளியைச் சிறு துவாரமொன்றின் வழியே இருண்ட அறைக்குள் செலுத்தினால், எதிர்ச்சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்கேற்பத் தனித்தனி ஒளிப்புள்ளிகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டுமே மறையும். துவாரத்தில் ஒன்றுகூடிய பின்னும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்கோட்டுப் பாதையிலேயே செல்கிறது என்பதை அவர் இதனால் நிறுவினார்.

இவ்வுண்மையைப் பிளாஷ் விளக்கின்மேல் வைத்துப் பாருங்கள். ஸ்டூடியோப் பிளாஷ் விளக்குகள் பலவற்றில், ஒளிதரும் செனன் வாயுக் குழல் ஒரு வளையல்போல் வளைந்திருக்கும். அவ்வளையத்தின் நடுவில் மொடலிங் விளக்கு எனப்படும் சாதாரண மின்குமிழ் அமர்ந்திருக்கும். குடைக்கும் மென்துணிப் பெட்டிக்கும் இவ்வமைப்பு ஒரு குறையுமற்றது. அங்கே ஒளி சிதறுவதே நோக்கம். ஆனால் வில்லைகள் அடங்கிய குழாயை அதன்முன் பொருத்தினால், வளையத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் புறப்படும் ஒளி, இப்னுல் ஹைதமின் விளக்குகளைப் போலவே, தனித்தனிப் பாதையில் செல்கிறது. பெரும்பகுதி குழாயின் உட்சுவரில் மோதி வீணாகிறது. எஞ்சியதிலும் வட்டத்தின் நடுப்பகுதி மங்கி, ஓரம் பளிச்சிடக் காணலாம். ஒளி பிறக்கும் இடம் சிறியதாகவும், வில்லையின் மையக்கோட்டில் இருப்பதாகவும் அமையும்போதே வில்லை அதைச் செவ்வையாக எடுத்துச் செல்கிறது.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவில் அறையை இருட்டாக்கி, தொலைபேசியிலுள்ள சிறு விளக்கின்முன் பூதக்கண்ணாடி ஒன்றைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுவரில் கூர்மையான ஒளிப்பொட்டு ஒன்று உருவாகும். அதே கண்ணாடியைக் கூரையிலுள்ள குழல் விளக்கின் கீழே பிடித்தால், எவ்வளவு நகர்த்தியும் வட்டப்பொட்டு கிடைக்காது. குழலின் நீண்ட உருவமே தரையில் விழும். வில்லை ஒளியின் வடிவத்தைப் புதிதாய்ப் படைப்பதில்லை. பிறந்த இடத்தின் சாயலையே கொண்டு செல்கிறது. ஆகவே விளக்கு வாங்கப் போகிறவர், 'இதன் வலு எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னர், 'இதன் ஒளி எங்கே பிறக்கிறது?' என்று குனிந்து உள்ளே பார்த்தல் வேண்டும். குழல் சிறிதாய்ச் சுருண்டு நடுவில் இருப்பின் நன்று. பெரிய வளையமாயின், வில்லைக் கருவிக்கு அது இரண்டாந்தரமே. வளையத்தின்மேல் பால்வண்ணக் கண்ணாடிக் கவிப்பு இருந்தால் நடுவிலுள்ள மங்கல் குறையும். ஆயின் ஒளி பிறக்குமிடம் பெரிதாகிவிடுவதால் வீணாகும் ஒளியும் கூடும்.

இரண்டாம் வகைக் கருவியிலுள்ள அகன்ற வில்லையின் வரலாறு கடலோடு தொடர்புடையது. பிரான்சு நாட்டு அறிஞர் ஒகுஸ்தீன் பிரெனல், தடித்த கண்ணாடி வில்லையைப் படிப்படியான வளையங்களாக வெட்டி, பாரத்தைக் குறைத்தும் பயனைக் குறைக்காமலும் அமைத்தார். 1823 இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதல் ஏற்றப்பட்டது. கடலோடிகளுக்கு வழிகாட்டிய அதே வில்லை, பின்னர் ஹொலிவூட் படப்பிடிப்புக் கூடங்களில் நடிகர் நடிகையரின் முகங்களுக்கு ஒளிதந்தது. விளக்குக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் கற்றையை ஒடுக்கவும் விரிக்கவும் முடிவதே அதன் சிறப்பு. எனவே இதை வாங்குவோர், அத்தூரத்தை மாற்றும் வசதி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளல் நலம்.

அடுத்தது, பொருத்துவாய். 1923 இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற போவன்ஸ் நிறுவனம் 2017 இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அது வகுத்த மூன்று நகப் பொருத்துவாயையே இன்று பல நாட்டு உற்பத்தியாளர்களும் பின்பற்றுகின்றனர். இதனால் ஒருவருடைய விளக்கில் மற்றொருவருடைய கருவி பொருந்திவிடுகிறது. ஆனால் பொருந்துவது வேறு, ஒத்துப்போவது வேறு. வாய் ஒன்றாயினும், வாயிலிருந்து குழல் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது விளக்குக்கு விளக்கு வேறுபடும். சிலவற்றில் குழல் வெளியே துருத்தி நிற்கும். சிலவற்றில் உள்ளே பதிந்து கிடக்கும். வில்லைக் கருவி குறிப்பிட்ட ஓர் ஆழத்தை எண்ணியே செய்யப்பட்டிருக்கும். அந்த ஆழம் தவறினால் வட்டம் மங்கும், அல்லது விளிம்பில் ஒளி தேயும். கருவியையும் விளக்கையும் ஒன்றாக வைத்துப் பாராமல் தனித்தனியே வாங்குவது, பெண்ணைப் பாராமல் சட்டை தைப்பது போன்றதாகும்.

மொடலிங் விளக்கின் செய்தியும் முக்கியமானது. பிளாஷ் ஒளி கண்ணிமைக்கும் முன் மறைந்துவிடுவதால், வட்டம் எங்கே விழுகிறது என்பதை மொடலிங் விளக்கைக் கொண்டே பார்க்கிறோம். அது வளையத்தின் நடுவிலும் பிளாஷ் குழல் அதைச் சுற்றியும் இருப்பின், கண் காண்பது ஒன்று, கமரா காண்பது வேறொன்றாகிவிடும். மேலும், பழைய விளக்குகளில் 150 வாற்று, 250 வாற்று ஹலோஜன் குமிழ்கள் உண்டு. காற்றோட்டமற்ற குழாயினுள் அவற்றின் வெப்பம் தங்கி வில்லையையும் பிளாத்திக்குப் பகுதிகளையும் கெடுக்கும். குவிந்த ஒளிக்கு, வெப்பம் குறைந்த எல்.ஈ.டி. மொடலிங் விளக்கு உடையதைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை. ஹலோஜன் உள்ளதையே வைத்திருப்போர், வட்டத்தைச் சரிபார்த்தவுடன் அதனை அணைத்துவிடல் வேண்டும்.

இப்போது வலுவைப் பற்றிப் பேசலாம். பெட்டியின்மேல் 200, 400, 600 வாற்று-செக்கன் என்று பொறித்திருப்பார்கள். பாடசாலையில் நாம் யூல் என்று படிப்பது இதுவே. இது கொள்ளளவியில் சேமிக்கப்படும் மின்சக்தியின் அளவேயன்றி, முகத்தில் வந்து விழும் ஒளியின் அளவன்று. வில்லைக் கருவி இவ்வொளியில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பது உண்மை. எனினும் தூரத்தைக் குறைத்தால் ஒளி பெருகும் என்ற விதி நமக்குத் துணை நிற்கிறது. இரண்டு மீற்றரிலிருந்து ஒரு மீற்றருக்கு விளக்கைக் கொண்டுவந்தால், விரியும் கற்றையின் ஒளி நான்கு மடங்காகும். சிறிய ஸ்டூடியோவில் முகத்தையும் தோளையும் மட்டும் ஒளியூட்டுவதற்கு, இடம் தவறாத குழலுடைய 200 வாற்று-செக்கன் விளக்கு, இடம் தவறிய 600ஐ விட மேலானது.

'பிளாஷ் எதற்கு? எப்போதும் எரியும் எல்.ஈ.டி. விளக்கே போதாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. எல்.ஈ.டி. விளக்கின் ஒளி சிறு தட்டொன்றிலிருந்தே பிறப்பதால், வில்லைக் கருவிகளோடு அது அழகாக ஒத்துப்போகும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 வாற்று விளக்கொன்று, கமராத் திரை 125இல் ஒரு செக்கன் திறந்திருக்கையில் செலவிடும் சக்தி அரை யூலுக்கும் குறைவு. மின்சக்தியை ஒளியாக மாற்றுவதில் எல்.ஈ.டி. திறன் மிக்கது என்பதற்காக மூன்று மடங்கு கூட்டிக் கொண்டாலும், 200 யூல் பிளாஷின் அருகே அது நிற்காது. ஆகவே ஓரிடத்தில் நில்லாத குழந்தையைப் படமெடுப்பதற்குப் பிளாஷே வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் ஹரோல்ட் எட்ஜெர்ட்டன் 1930களில் மின்னணுப் பிளாஷை வளர்த்தெடுத்ததே விரையும் பொருளை உறையச் செய்வதற்காகத்தான். மருதமுனைத் துணியோ அசையாது. கமராவை முக்காலியில் நிறுத்தி, திரையை இரண்டு செக்கன் திறந்துவைத்தால் அதே 60 வாற்று விளக்கு 120 யூல் செலவிட்டுவிடுகிறது. துணிப்படம் மட்டுமே எடுக்கப் போகிறவர், நிறத்தைப் பிழையின்றிக் காட்டும் நல்ல எல்.ஈ.டி. விளக்கொன்றோடு நின்றுவிடலாம், பிளாஷுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. நிறம் திரிந்து காட்டும் மலிவு விளக்கை மட்டும் விலக்குக. படத்தில் சிவப்பாயிருந்த சாரம் கையில் செம்மண்ணாயிருந்தால், திரும்பி வருவது துணி மட்டுமன்று, வியாபாரத்தின் நற்பெயரும் கூடவே போய்விடும்.

கடைக்குச் செல்லும்போது செய்யத்தக்க சோதனைகளைச் சுருக்கமாகக் கூறுவோம். கருவியை விளக்கில் பொருத்தி, இருண்ட மூலையில் இரண்டு மீற்றர் தொலைவிலுள்ள வெண்சுவரில் வட்டத்தை வீழ்த்துக. முதலில் மொடலிங் விளக்கின் ஒளியில் ஒரு படம், பின்னர் பிளாஷ் ஒளியில் ஒரு படம். இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா, நடு மங்குகிறதா, விளிம்பில் நிறக்கோடு தோன்றுகிறதா என்று பார்க்க. அடுத்து, கமராவில் எதையும் மாற்றாமல் பத்துப் படங்கள் எடுத்து ஒப்பிடுக. ஒளியும் நிறமும் ஏறி இறங்கினால் அவ்விளக்கை விட்டுவிடுக. பின்னர் கருவியுடன் விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கையை எடுத்துவிட்டுப் பார்க்க. வில்லைக் கருவிகள் பாரமானவை. தலை தானாகத் தாழ்ந்தால், அது ஒருநாள் யார் தலைமேலாவது விழும்.

நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நாடு இது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்தோம். வெளியூர்த் திருமணங்களுக்கும் செல்ல எண்ணுவோர், மின்கலத்தால் இயங்கும் விளக்கைச் சற்றுக் கூடிய விலை கொடுத்தேனும் வாங்குவது வீண்செலவன்று. கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். ஆதலால் வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் மணிகளுடன் மூடிய பெட்டியில் வைத்தல் வேண்டும். மாதக்கணக்கில் உபயோகிக்காது கிடக்கும் பிளாஷின் கொள்ளளவி தளர்ந்துவிடும். இடையிடையே மின்னேற்றிச் சில தடவைகள் ஒளிரச் செய்வது நல்லது. ஒன்றை மட்டும் இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்லுவோம். பழுதான பிளாஷை ஒருபோதும் வீட்டில் திறக்காதீர்கள். ஆளியை மூடி, மின்கம்பியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் உயிரைக் குடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும்.

பணம் போதாதவர் மனந்தளர வேண்டியதில்லை. கடதாசிக் குழாய்களை ஒரே நீளமாக வெட்டி, அடுக்கி ஒட்டி, கருமை பூசினால் அதுவே தேனடைத் தட்டாகும். ஆறு மில்லிமீற்றர் அகலமுள்ள குழாயை ஐந்து சென்ரிமீற்றர் நீளமாக வெட்டினால், கற்றை ஏறக்குறைய 14 பாகை அளவுக்கு ஒடுங்கும். பத்து சென்ரிமீற்றராக்கினால் 7 பாகையாகிவிடும். கமராவின் தலையில் செருகும் சிறு பிளாஷின்முன் இதைக் கட்டி, அப்பிளாஷை நீண்ட கம்பி மூலமோ வானொலித் தூண்டி மூலமோ பக்கத்திலிருந்து இயக்கிப் பழகுங்கள். சூடேறும் ஹலோஜன் குமிழின்முன் மட்டும் கடதாசியைக் கொண்டு செல்லாதீர்கள். ஆறு மாதம் இவ்வாறு பழகிய கண்ணுக்கு, எந்தக் கருவி உண்மையில் தேவை என்பதை எந்தக் கடைக்காரரும் சொல்லித்தர வேண்டியிராது.

2004 டிசம்பர் 26 ஆம் தேதி கடல் எழுந்து வந்தபோது, இக்கரையோரத்தில் வீடுகளோடு சுவர்ப் படங்களும் அலையோடு போயின. உயிரிழந்த பிள்ளையின் முகத்தை மீண்டும் காண்பதற்குப் படமொன்றுமில்லாத தாய்மார் எவ்வளவு தவித்திருப்பர் என்பதை இவ்வூர்களில் விளக்கவேண்டியதில்லை. முகம் ஒன்றைச் செம்மையாகப் பதிந்து வைப்பது சிறு தொழிலன்று. அதற்கு வாங்கும் விளக்கு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அதன் ஒளி சரியான இடத்தில் பிறந்து, சரியான இடத்தில் போய் விழுந்தாற் போதும்.